மில்லிங் யந்திரத்துக்கு ஒரு மதர்போர்டு

கணினிக்கு மதர்போர்டு வாங்குவதென்றால், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, பிராசஸர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, ராம் எத்தனை ஜி.பி. என்ற மூன்று கேள்விகளோடு சாதாரணமாக விஷயம் தீர்ந்துவிடும். கடைக்காரர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பார். நாம் பில்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம். ஆனால் அந்தக் கணினி, கடிதம் அடிப்பதும் கணக்கு எழுதுவதுமான சாத்வீகமான காரியங்களை விட்டுவிட்டு, இரும்பைச் செதுக்கும் யந்திரம் ஒன்றின் பக்கத்தில் நின்று அதன் மூன்று அச்சுகளையும் கணந்தோறும் நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்குமானால், அதிலும் லினக்ஸ் சி.என்.சி. என்ற, அதைப் பயன்படுத்துவோரைத் தவிர வேறு யாரும் கேள்விப்பட்டிராத ஓர் ஏற்பாட்டைக்கொண்டு அதை நிறைவேற்றி வருமானால், கேட்க வேண்டிய கேள்விகள் முற்றிலும் வேறாகிவிடுகின்றன. அவற்றுக்கு விடை கடைக்காரரிடமும் இராது. பெட்டியின்மேல் அச்சிட்ட வர்ணனையிலும் இராது. ஜூஜுவாடியில் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவருக்காகச் சமீபத்தில் இந்தத் தேடலில் இறங்கும்படி ஆயிற்று. அதில் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலைமையில் அகப்பட்டுக்கொள்ளும் மற்றவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று எண்ணி, இங்கே சற்று விஸ்தாரமாகவே எழுதிவைக்கிறேன்.

ஜூஜுவாடியை அறியாதவர்களுக்கு ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம் இது. அடுத்தது அத்திப்பள்ளி, கர்நாடக ராஜ்யம். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-ஐ ஒட்டி லாரி ஆலையும் மொபெட் ஆலையும் எழும்பி, அந்தத் தசாப்தம் முடிவதற்குள் கைக்கடிகார ஆலையும் சேர்ந்துகொண்ட பிற்பாடு, அந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்துதரும் நடுத்தர ஆலைகளும், அவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்துதரும் தகரக் கூரைப் பட்டறைகளும் இங்கே ஒன்றையொன்று ஒட்டி முளைத்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் ஒரே வாக்கியத்தில் புழங்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லையிலிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மறைந்தன. ஆயினும், கர்நாடகத்திலுள்ள பொம்மசந்திராவிலிருந்து பத்து வார்ப்புகளைத் துளைபோட்டுத் தருவதற்காக அனுப்பினாலும், ராஜ்ய எல்லையைத் தாண்டுகிற ஜாப் ஒர்க் சரக்காதலால், மதிப்பு எவ்வளவாயினும் இ-வே பில் வேண்டும் என்ற விதி மட்டும் இருந்துகொண்டிருக்கிறது. மதர்போர்டைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வருகிறவனை எவரும் கேட்பதில்லை என்பது இந்தச் சரித்திரத்துக்கு வேண்டிய அளவில் போதுமான தகவல்.

நண்பரின் பட்டறையிலுள்ள மில்லிங் யந்திரம், 1953-இல் பெங்களூரில் ஸ்தாபிதமான எச்.எம்.டி.யின் தயாரிப்பு, கைச்சக்கரத்தைச் சுற்றி வேலை வாங்குவதற்கென்றே பிறந்தது. ஏதோ ஓர் ஆலை தன் யந்திரங்களைப் புதுப்பித்தபோது ஏலத்தில் கழித்துவிட்டதை ஏறக்குறைய இரும்பு விலைக்கு எடுத்து வந்து, பழைய லீட் ஸ்க்ரூவை நீக்கி பால் ஸ்க்ரூ போட்டு, மூன்று அச்சிலும் ஸ்டெப்பர் மோட்டார் பூட்டி, ரெட்ரோஃபிட் செய்துகொண்டார். பெயர்பெற்ற கண்ட்ரோலர்களைப் பொருத்துவதென்றால் அது யந்திரத்தின் விலையைவிட அதிகமாகும். இத்தகைய பட்டறைகளில் பலர் விண்டோஸ் எக்ஸ்.பி.யும் மாக்3 என்ற மென்பொருளும் வைத்துக் காலந்தள்ளுகிறார்கள். பேரலல் போர்ட் வழியாக மோட்டாரை ஓட்டும் அந்த வித்தை 32 பிட் விண்டோஸோடு நின்றுபோயிற்றாதலால், அவர்களுக்கும் ஒருநாள் இதே சங்கடம் வரத்தான் போகிறது. நண்பர் ஆரம்பத்திலேயே லினக்ஸ் சி.என்.சி.யின் பக்கம் சாய்ந்துவிட்டார். சாய்த்தவன் நான் என்பதால் பழுதுபார்க்கும் கடமையும் என்னைச் சேர்ந்தது.

இந்த மென்பொருளின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய ஸ்தாபனம் தொண்ணூறுகளில், யந்திரங்களை நடத்தும் கண்ட்ரோலர் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியாக எழுதியது. அந்நாட்டு அரசாங்க ஊழியர் உத்தியோக முறையில் எழுதுவதற்குப் பதிப்புரிமை கிடையாதாகையால், அது பொதுச்சொத்தாக வெளியே வந்து, பல நாட்டுத் தன்னார்வலர்களின் கையில் வளர்ந்தது. முதலில் அதற்கு இ.எம்.சி. என்று பெயர், அதே பெயரில் தரவுச் சேமிப்புத் தொழில் நடத்திய பெரிய நிறுவனம் ஆட்சேபித்ததன் பேரில் இப்போதைய பெயருக்கு மாறிற்று. சாதாரண லினக்ஸின்மேல் இது அப்படியே ஓடாது. குறித்த நேரத்தில் குறித்த காரியத்தைச் செய்தே தீரும்படி கெர்னலைத் திருத்தியாக வேண்டும். அதற்கு மிலான் நகரத்துப் பாலிடெக்னிக்கில் உருவான ஆர்.டி.ஏ.ஐ. ஒரு வழி, பிரீஎம்ப்ட் ஆர்.டி. என்பது இன்னொன்று. இரண்டாவது வழி ஏறக்குறைய 20 ஆண்டுகள் மூலக் கெர்னலுக்கு வெளியே ஒட்டுத் துணியாகவே இருந்து, 2024 செப்டம்பரில்தான் 6.12-ஆம் பதிப்புக்காக உள்ளே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்படி ஏற்கும்படி கேட்கும் விண்ணப்பத்தை, அந்த முயற்சியை முன்நின்று நடத்திய தாமஸ் கிளைக்ஸ்னர் மின்னஞ்சலோடு விட்டுவிடாமல், தாளில் அச்சிட்டு, பொன்னிறக் காகிதத்தில் சுற்றி, வியன்னாவில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார். இருபது வருஷம் காத்திருந்தவருக்கு அந்த ஆடம்பரம் தகும்.

இனி விபத்துக்கு வருவோம். இந்தப் பிரதேசத்துப் பட்டறைகள் 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தைக் கடந்து வந்தவை. எந்த நேரத்தில் கரண்ட் போகும், எந்த வேகத்தில் திரும்பி வரும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அதிலெல்லாம் தப்பிப் பிழைத்த கணினி, சென்ற மழைக்காலத்தில் சாதாரணமான ஒரு காலையில் விசிறி மட்டும் சுழல, திரை இருண்டது இருண்டபடியே நின்றுவிட்டது. காபினெட்டைத் திறந்து பார்த்தபோது, போர்டின்மேல் கூலண்ட் ஆவியும் வார்ப்பிரும்புத் தூளும் கலந்து படிந்த கருமையான பிசுக்கு. பிராசஸருக்கு அருகிலிருந்த கெபாசிட்டர்கள் தலை உப்பி, இரண்டில் பழுப்பு நிறமாகக் கசிந்து காய்ந்திருந்தது. கெபாசிட்டரை மாற்றிவிடக் கூடிய மெக்கானிக் ஓசூரில் இருக்கிறார். ஆனால் பி.சி.ஐ. ஸ்லாட்டின் முனைகளில் பச்சை பிடித்துச் செப்புக் கோடுகளும் அரித்திருந்தபடியால், அவரே வேண்டாமென்று கையை விரித்துவிட்டார்.

"சார், இப்ப ஐ5 போர்டே செகண்ட் ஹேண்ட்ல சீப்பா கிடைக்குது. பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா மெஷினும் இன்னும் ஸ்பீடா ஓடுமில்ல?" என்று நண்பர் கேட்டார்.

நியாயமான கேள்விதான், விடைதான் எதிர்மறையானது. ஸ்டெப்பர் மோட்டார் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி நகரும். நண்பருடைய மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 முழுப்படிகள் எடுப்பது. மோட்டாரை ஓட்டும் டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள். பால் ஸ்க்ரூவின் பிட்ச் 5 மில்லிமீட்டர். எனவே, மேஜை ஒரு மில்லிமீட்டர் நகர 320 துடிப்புகள் வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடவேண்டுமானால் விநாடிக்கு 16,000 துடிப்புகள், அதாவது 62.5 மைக்ரோவிநாடிக்கு ஒன்று, விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். இதைத்தான் அந்தச் சாதாரணக் கணினி, பேரலல் போர்ட்டின் ஒரு முனையை ஏற்றியும் இறக்கியும் செய்கிறது. விநாடிக்கு 16,000 முறை ஒரு முனையை ஏற்றியிறக்குவது இருபது வருஷத்துக்கு முந்திய பிராசஸருக்கும் ஒரு பொருட்டன்று. ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் செய்வதுதான் கஷ்டம். கச்சேரியில் மிருதங்கக்காரர் எத்தனை வேகமாக வாசிப்பார் என்பதைவிடத் தாளம் தப்பாமல் வாசிப்பாரா என்பதையே பாடகர் பார்ப்பது போல, இங்கேயும் போர்டின் வேகம் இரண்டாம் பட்சம். அது எவ்வளவு நேரம் தவறும், மிக மோசமான சமயத்தில் எவ்வளவு தவறும் என்பதே முதல் கேள்வி.

சராசரி இதில் எதற்கும் உதவாது. முழு வேகத்தில் சுழலும் மோட்டாருக்கு ஒரு துடிப்பு 100 மைக்ரோவிநாடி தாமதித்து வந்தால், ரோட்டர் பிடி நழுவி நிற்கும், அல்லது நழுவிய இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டு ஓடும். பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் அதிக அபாயம், ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பின்னூட்டம் எதுவுமில்லாத இந்த அமைப்பில், மோட்டார் தான் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டேயிருக்கும். நழுவும் ரோட்டர் மறுபடி பிடிப்பது நான்கு முழுப்படிகளின் மடங்கில். ஒரு முழுப்படி 0.025 மில்லிமீட்டர், ஆகவே ஒரு நழுவல் 0.1 மில்லிமீட்டர். துளைகளின் இடைவெளியை வெர்னியரில் அளக்கும்போது, பிழை 0.07 என்றோ 0.13 என்றோ சிதறலாக வராமல் 0.1, 0.2 என்று சுத்தமாக வந்தால், கட்டர் தேய்மானத்தையோ ஃபிக்ஸர் தளர்ச்சியையோ தேடுவதற்கு முன்னால் துடிப்பைச் சந்தேகிக்கலாம். நான் அறிந்தவரையில் இதைவிட மலிவான நோய்க்குறி வேறு கிடையாது.

லினக்ஸ் சி.என்.சி.யுடன் ஒரு பரீட்சைக் கருவியும் வருகிறது. திறந்தால் ஒரு சிறு ஜன்னல். அதில் சர்வோ த்ரெட், பேஸ் த்ரெட் என்று இரண்டு வரிகள். முதலாவது மில்லிவிநாடிக்கு ஒருமுறை எழுவது. இரண்டாவது 25 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை எழ வேண்டியது. எழ வேண்டிய நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்குமுள்ள மிகப் பெரிய வித்தியாசத்தை நானோவிநாடியில் அது எழுதிக்கொண்டே வரும். 15,000 முதல் 20,000 வரையில் நின்றால் உத்தமம். 30,000, 50,000 என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தப் போர்டு இந்த வேலைக்கு ஆகாது. சும்மா வைத்துவிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சுழலும் பல்சக்கரங்களைத் திரையில் வரையும் ஜி.எல்.எக்ஸ்.கியர்ஸ் என்ற நிரலைப் பல ஜன்னல்களில் ஓடவிட்டு, பெரிய கோப்புகளைப் பிரதியெடுத்து, பென் டிரைவைச் செருகி எடுத்து, நெட்வொர்க்கையும் அலைக்கழித்து, கணினியை எவ்வளவு தொந்தரவு செய்யமுடியுமோ அவ்வளவும் செய்துகொண்டு அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிஷம் ஒழுங்காக இருந்துவிட்டு, பதினோராவது நிமிஷத்தில் திடீரென்று துள்ளும் போர்டுகள் உண்டு.

இந்தத் துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் பிராசஸர் அல்ல என்பதைத்தான் புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். எஸ்.எம்.ஐ. என்று ஒன்று இருக்கிறது. 1990-இல் 386 எஸ்.எல். சில்லோடு மடிக்கணினிகளின் மின்சிக்கனத்துக்காக இன்டெல் புகுத்தியது. வெப்பத்தைக் கண்காணிக்கவும், யு.எஸ்.பி. கீபோர்டைப் பழைய கீபோர்டுபோல் நடிக்க வைக்கவும், இன்னும் போர்டு செய்தவருக்குத் தோன்றிய பற்பல காரியங்களுக்கும், பயாஸ் இதைக்கொண்டு பிராசஸரை நடுவில் பறித்துக்கொண்டு போய்த் தன் வேலையை முடித்துக்கொண்டு திருப்பித் தரும். அந்த நேரத்தில் உலகமே நின்றுபோனது இயங்குதளத்துக்குத் தெரியாது. தடுக்கும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. இன்டெல் சிப்செட்டுகளில் இதைக் கடிகாரம்போல் 64, 32, 16, 8 விநாடிக்கு ஒருமுறை எழுப்பும் வசதியும் இருக்கிறது. பரீட்சையில் எண் சரியாக 64 விநாடிக்கொருமுறை துள்ளுவதைப் பார்த்தால் குற்றவாளி யாரென்று ஊகித்துவிடலாம். ஆர்.டி.ஏ.ஐ.யில் இதை அணைத்துவைக்கும் உபாயமும் உண்டு; ஆனால் சில போர்டுகளில் பிராசஸர் கொதிக்கும்போது அதைக் காப்பாற்றுவதும் இதே எஸ்.எம்.ஐ.யாக இருக்கும் என்பதால், ஏப்ரல் மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பரிசோதனையைச் செய்ய எனக்குத் தைரியமில்லை. ஆகக்கூடி, ஒரே சிப்செட், ஒரே பிராசஸர் கொண்ட இரண்டு நிறுவனங்களின் போர்டுகளில் ஒன்று பத்தரைமாற்றாகவும் மற்றது குப்பையாகவும் இருப்பது சர்வசாதாரணம். வித்தியாசம் பயாஸை எழுதியவருடைய மனப்போக்கில் இருக்கிறது. அதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் லினக்ஸ் சி.என்.சி. கூட்டத்தாருக்கு நிம்மதி தந்த போர்டுகள் இருந்தன. இன்டெல் 2010-இல் வெளியிட்ட டி510எம்ஓ, அதைத் தொடர்ந்து வந்த டி525எம்டபிள்யூ என்ற இரண்டும், உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அகலமே கொண்டவை. விசிறியில்லாத வெப்பத்தகட்டோடு, ஆட்டம் பிராசஸர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வந்தவை. அலுவலகத்தில் எக்செல் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம் என்று பரிகசிக்கப்பட்ட அந்தச் சில்லுகள், நேரந்தவறாமையில் தம்மைவிடப் பத்துமடங்கு விலையுள்ளவற்றைத் தலைகுனிய வைத்தன. உலகமெங்கும் சிறு பட்டறைக்காரர்கள் இவற்றைத் தேடித்தேடி வாங்கினார்கள். 2013-இல் இன்டெல் மேஜைக் கணினி மதர்போர்டுத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. இன்று கிடைப்பவை யாருடைய அலமாரியிலோ கிடந்த பழையவை. அவற்றின் கெபாசிட்டர்களுக்கும் வயதாகிவிட்டது. பெருமைக்குரிய பெயர் என்பதற்காக அதிக விலை கொடுத்து அவற்றைச் சேமித்துவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்பட்டோம். சென்னைக்காரர்களுக்கு ரிட்சி தெரு எப்படியோ, ஓசூர் வட்டாரத்துக்கு அப்படி இந்தச் சந்துகள். எலெக்ட்ரானிக் சிட்டி முதல் ஒயிட்ஃபீல்டு வரையிலுள்ள கம்பெனிகள் கழித்துவிடும் கணினிகள் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. எங்களுக்கு அனுகூலமும் அதுதான்: அலுவலகத்துக்கென்று செய்யப்பட்ட கணினிகளில், வீட்டுக் கணினிகள் கைவிட்டு வெகுகாலம் கழிந்த பிறகும், பேரலல் போர்ட் நிலைத்திருந்தது.

போர்ட் விஷயத்தில் சில சூக்ஷ்மங்கள். யு.எஸ்.பி.யைப் பேரலலாக மாற்றும் கேபிளைக் கடைக்காரர் உற்சாகமாக எடுத்து நீட்டுவார். அது பிரிண்டருக்கானது, மைக்ரோவிநாடிக் கணக்கில் துடிப்பு அனுப்ப அதனால் ஆகாது. பி.சி.ஐ. அல்லது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடும் கார்டு பயன்படும், ஆனால் அதன் முகவரி வழக்கமான 378 ஆக இராது. எதுவென்று கண்டுபிடித்து லினக்ஸ் சி.என்.சி.யின் ஹால் என்ற அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும். எச்61, எச்81 வகைப் போர்டுகள் சிலவற்றில் எல்.பி.டி. என்று எழுதிய முனைவரிசை மட்டும் இருக்கும், வெளியே இழுக்கும் கேபிளை எவரும் வைத்திருக்கமாட்டார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது மின்னழுத்தம். பழைய போர்ட்டுகள் 5 வோல்ட் தரும். பிற்கால போர்டுகளிலும் கார்டுகளிலும் சில 3.3 வோல்ட்டோடு நின்றுவிடும். டிரைவரின் வாசலில் இருக்கும் ஆப்டோகப்ளர் 5 வோல்ட்டை எதிர்பார்ப்பது, 3.3-இல் அது சில சமயம் விழிக்கும், சில சமயம் விழிக்காது. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 2-ஆம் பின்னிலும் கறுப்பு முனையை 18 முதல் 25 வரையில் ஏதாவதொன்றிலும் வைத்து, பின்னை ஏற்றிப் பார்த்துவிட்டே விலை பேசவேண்டும்.

ஒரு கடையில் இளைஞர் ஒருவர் எங்கள் பைத்தியத்தைப் பொறுத்துக்கொண்டார். லினக்ஸ் சி.என்.சி.யை நேராக ஓட்டும் பென் டிரைவைச் செருகிப் பல்சக்கரங்கள் சுழல ஆரம்பித்ததும், "எவ்ளோ நேரம் சார் ஓட்டுவீங்க? கஸ்டமர் வந்தா பிளக் வேணும்" என்றார்.

"மத்தியானம் வரைக்கும் விடுங்க தம்பி. சாப்பிட்டுட்டு வர்றோம்."

"இதுல கேம் எதுவும் இல்லையா?"

அவர் முதலில் எடுத்துக் கொடுத்த, நான்கு கோர் கொண்ட பளபளப்பான போர்டு, சில நிமிஷம் அழகாக ஓடிவிட்டு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குத் துள்ளியது. பயாஸில் எதை அணைத்தும் அது திருந்தவில்லை. அதன் பக்கத்தில் கோர் 2 டுவோ காலத்து அலுவலகக் கணினி ஒன்று தூசியோடு கிடந்தது. அதை எடுத்து வைத்து, ஒலியட்டையையும் பிராசஸரைத் தூங்கவைக்கும் சி-ஸ்டேட்டுகளையும் ஸ்பீட்ஸ்டெப்பையும் பயாஸில் அணைத்து, இரண்டு கோர்களில் ஒன்றைத் துடிப்பு வேலைக்கென்றே பிரத்தியேகமாக ஒதுக்கியபோது, சாப்பாடு முடிந்து திரும்பும்வரையில் எண் 12,000-ஐத் தாண்டவில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை அவர் இலவசமாகவே சேர்த்துத் தர முன்வந்தார். உற்பத்தியாளரின் மூடிய டிரைவரைக் கேட்கும் கார்டுகள் இந்த வேலையில் அடிக்கடி கெடுதல் செய்பவை என்பதால், நன்றி சொல்லி மறுத்து, போர்டிலேயே உள்ள கிராஃபிக்ஸ் போதுமென்று இருந்துவிட்டோம்.

இப்படிச் சந்து சந்தாகப் போய்ப் பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டிய நிலை எங்களைப் போன்ற சில்லறைக்காரர்களுக்குத்தான். தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உமாசங்கர் என்ற அதிகாரியின் நிர்வாகத்தில் லினக்ஸின் பக்கம் திரும்பியபோது, ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர் என்ற பலத்தினால், கணினி லினக்ஸில் ஓடவேண்டுமென்பதை விற்பவருக்கே நிபந்தனையாக்க முடிந்தது. ஒரே ஒரு போர்டு வாங்குகிறவனுடைய நிபந்தனையை எவர் கேட்பார்?

அலுவலகக் கணினியை வாங்குவதில் ஒரு கண்ணி இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்டை மட்டும் பிரித்தெடுத்து வேறு பெட்டியில் போடலாமென்று எண்ணினால், முதலில் பவர் கனெக்டரைப் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் 3020, 7020, 9020 முதலான மாடல்களில் வழக்கமான 24 முனைக்குப் பதில் 8 முனைதான் இருக்கும். ஒரு நாள் போர்டுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டால் ஓசூர்க் கடையில் உடனே மாற்று கிடைக்காது. நாங்கள் எடுத்தது அதற்கு முந்தைய காலத்துச் சரக்கு, 24 முனை உள்ளது. புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் கூடவே வாங்கினோம். பழைய போர்டின் கெபாசிட்டர்களை உப்பவைத்தது அந்தப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸாகவே இருக்கலாமென்ற சந்தேகம் இருக்கும்போது, புதிய குடித்தனத்தை அதனிடம் ஒப்படைப்பது விவேகமாகாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் அந்தரங்கமான அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். போர்டின் நல்ல குணத்தை நம்பித் தொழில் நடத்துவதே இனி நீடிக்கத்தக்கதல்ல. பேரலல் போர்ட்டுள்ள போர்டுகள் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. புதிய பயாஸ்கள் முன்னிலும் அதிகமாகத் தன்னிச்சையாக நடக்கின்றன. துடிப்பை எண்ணும் பொறுப்பையே போர்டிலிருந்து பிடுங்கி, மீசா நிறுவனத்தின் 7ஐ96 போன்ற ஒரு கார்டிலுள்ள எஃப்.பி.ஜி.ஏ. சில்லிடம் கொடுத்துவிட்டால், கணினி மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஈதர்நெட் வழியாக "இந்த வேகத்தில் போ" என்று சொன்னால் போதும்; துடிப்புகளைக் கார்டு பார்த்துக்கொள்ளும். அப்பொழுது 100 மைக்ரோவிநாடித் துள்ளல் ஒரு குற்றமேயல்ல. பிரீஎம்ப்ட் ஆர்.டி. கெர்னல் தாராளமாகப் போதும். 2023-இல் வெளியான டெபியன் 12-இல் லினக்ஸ் சி.என்.சி. பொதியாகவே கிடைக்கிறது. பேரலல் போர்ட்டைத் தேடவேண்டியதில்லை. நெட்வொர்க் சில்லு எதுவென்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இன்டெல் சில்லாயிருந்தால் சிரமம் குறைவு, அதிலும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். நூறு டாலருக்கு மேற்பட்ட விலை, அதன்மேல் சுங்கம், தருவிக்கும் கூலி எல்லாம் சேர்ந்தாலும், மூன்று முறை எஸ்.பி. ரோட்டுக்கு நடையாய் நடந்து, அந்த நாட்களில் யந்திரம் சும்மா கிடக்கும் நஷ்டத்துக்கு அது ஈடாகிவிடும். நண்பர் கையில் ஒப்புக்கொண்ட ஆர்டர் ஒன்று இருந்தபடியால் இந்த முறை பழைய போர்டுக்கே சம்மதித்தேன். ரெட்ரோஃபிட் செய்ய அடுத்ததாகக் காத்திருக்கும் லேத்துக்குக் கார்டு வராமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடப்போவதில்லை என்று வாக்கும் வாங்கிக்கொண்டேன்.

பொருத்தும் வேலை சுருக்கமாக முடிந்தது. பேரலல் போர்ட் போர்டிலேயே உள்ளதாகையால் முகவரி 378 மாறவில்லை. பயாஸில் அதை இ.பி.பி. முறையில் வைத்தோம். அதிர்வுக்கு அஞ்சி ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டோம். காபினெட்டின் விசிறி வெளிக்காற்றை வடிகட்டி வழியாக உள்ளே தள்ளும்படி திருப்பிவைத்ததால், கூலண்ட் ஆவி இடுக்குகளில் நுழைவதற்கு மாறாக உள்காற்று வெளியே கசிகிறது. போர்டிலிருந்த பட்டன் பேட்டரி, சி.ஆர். 2032, எத்தனை வருஷத்தியதோ; இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைப்பதை அப்போதே மாற்றினோம். அது தீர்ந்துபோகும் நாளில் பயாஸ் தன் பூர்வ நிலைக்குத் திரும்பி, நாம் அணைத்தவையெல்லாம் ஓசையின்றி மறுபடி விழித்துக்கொள்ளும், துளைகள் 0.1 மில்லிமீட்டர் விலகும். மோட்டாரையும் ஆபரேட்டரையும் எல்லாரும் திட்டுவார்கள். ஆகையால் அணைக்கவேண்டியவற்றின் பெயர்களைத் திரையில் வருகிற வரிசைப்படியே ஒரு தாளில் எழுதி, தமிழில் ஒரு பக்கமும், இரவு ஷிப்டில் வரும் ஆபரேட்டருக்காகக் கன்னடத்தில் மறுபக்கமுமாக, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காபினெட் கதவின் உட்புறம் தொங்கவிட்டிருக்கிறோம். பேட்டரி மாற்றிய தேதி அதன் தலைப்பில் இருக்கிறது.